குகைக்குள் நின்றுபோன வண்டி

டேய் குட்டை, அந்த நாற்காலி மேல் இருக்கும் உன் பையை எடுத்துக் கீழே வை. நம் கணக்கு வந்தால் அவன் உட்கார இடம் வேண்டாமா? வருவான். பத்து நிமிடம் என்றால் ஒரு மணி நேரம், அதுதான் அவன் கணக்கு. இவனை நம்பி ஒரு கம்பெனி வரவு செலவு பார்க்கக் கொடுத்திருக்கிறது.

நர்ஸ் அக்கா, அந்த எமர்ஜென்சி விளக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், கண்ணில் அடிக்கிறது. உங்கள் வீட்டுக்குக் கரண்ட் இப்போதைக்கு வராது. வாத்தியார், நீங்கள் சுவர் ஓரமாக நகர்ந்துகொள்ளுங்கள். என் மடியில் இருக்கும் டப்பாவில் என்ன என்று யாரும் கேட்காதீர்கள். கடைசியில் நானே திறக்கிறேன்.

இது எனக்கு நடந்ததில்லை. என் சிநேகிதன் ஹாரன் இருக்கிறானே, பார்சல் வேன் ஓட்டுகிறவன், அவனுடைய பெரியப்பாவுக்கு நடந்தது. ஆளே இல்லாத தெருவில்கூட வளைவு வந்தால் ஹாரன் அடிக்காமல் திரும்பமாட்டான், அதனால் அந்தப் பெயர். பொய் சொல்லத் தெரியாத பயல். தெரிந்திருந்தால் இந்தக் கதையை நான் நம்பியிருக்கவே மாட்டேன்.

இரவு பதினொன்று தாண்டிவிட்டது. கிடங்குத் தெரு. இரண்டு பக்கமும் இழுத்து மூடிய தகரக் கதவுகள். ஒன்று விட்டு ஒன்று எரிகிற விளக்குகள். ஒரு நாய்கூட இல்லை… மழைக்கு முந்திய புழுக்கம். வேன் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டும் ஹாரனுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தெருவின் கோடியில்தான் பெரியப்பா வீடு. அதற்குப் பிறகு தெருவே கிடையாது. ஒரு மதில், மதிலுக்கு அப்பால் பழைய சரக்குத் தண்டவாளம். அதில் வண்டி ஓடி வருடக்கணக்காகிறது.

அன்று சாயங்காலம் தெருமுனை மருந்துக்கடைக்காரர் போன் செய்திருந்தார். “தம்பி, உங்க பெரியப்பா வீட்டுல ராத்திரி பூரா லைட் எரியுது. இருமிக்கிட்டே இருக்காரு. ஆள் பாதியா இளைச்சுட்டாரு. யாராவது வந்து பாருங்க.”

ஹாரனுக்குச் சுருக்கென்றது. பெரியம்மா செத்தபோது போனதுதான். அதற்குப் பிறகு “ஞாயித்துக்கிழமை வரேன் பெரியப்பா” என்று எத்தனை ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருப்பான் என்று அவனுக்கே தெரியாது. பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளை மாதிரி என்றால் இவன்தான். அந்த ‘மாதிரி’ எல்லாம் சாவு வீட்டோடு சரி, பிறகு அவனவன் பிழைப்பு. நானும் அப்படித்தான், நீங்களும் அப்படித்தான். முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள்.

வளைவில் ஹாரன் அடித்தான். பழக்கதோஷம். அந்தச் சத்தம் அடங்குவதற்குள்… கரிப்புகை வாசம் வந்தது. நிலக்கரி எரிந்தால் மூக்கைக் காந்துமே, அது. கூடவே காற்று சில்லென்று மாறியது. மதில் பக்கம் எட்டிப் பார்த்தான். இருட்டு. தண்டவாளத்தில் புல்தான் இருந்தது.

பெரியப்பா வீட்டுப் பின்னறை ஜன்னலில் வெளிச்சம். திரைக்குப் பின்னால் தலைகள் தெரிந்தன. ஒன்று, இரண்டு… அறை நிறைய ஆட்கள். எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஹாரனுக்கு மனசு லேசாகிவிட்டது. பரவாயில்லை, பெரியப்பா தனியாக இல்லை, அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துக்கொள்கிறார்கள் என்று நினைத்தான். சுற்றிலும் கிடங்காக இருக்கும் இடத்தில் அக்கம்பக்கம் எங்கிருந்து வரும்? அது அவனுக்கு அப்போது தோன்றவில்லை.

கதவு திறந்தே கிடந்தது. உள்ளே போனான்.

பெரியப்பா மட்டும் இருந்தார்.

அவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் பல் செட் செய்கிறவர். டாக்டர் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார், இவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அதற்குப் பல் கட்டிக் கொடுப்பார். “பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. பல்லை நான் கொடுத்துடறேன், சொல்லை அவங்கவங்க பாத்துக்கணும்.” அவருக்குத் தெரிந்த ஒரே ஜோக் இதுதான். வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். பின்னறையில் பெரியம்மா. தையல் வேலை. பெரும்பாலும் பள்ளிக்கூட யூனிஃபார்ம். துணி வெட்டுவதற்கென்று அறை முழுக்க ஒரு பெரிய மேஜை போட்டிருந்தார்.

பெரியம்மாவுக்கு ஒரு பழக்கம். வேலை செய்யும்போது குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொள்வார். அதனால் பேச முடியாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு தட்டில் போடுவார். டிங்… டிங்… டிங். அந்தச் சத்தம் கேட்டதும் முன்னறையில் பெரியப்பா கைவேலையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். ஊசி எல்லாம் விழுந்து முடிந்தால் கேள்வி வரும். பெரும்பாலும் ஒரே கேள்விதான். தையல் மிஷினுக்கு மேலே ஒரு பழைய காலண்டர் படம் மாட்டியிருந்தது. பனி மூடிய மலை, மலையடியில் ஒரு குட்டி ரயில்வே ஸ்டேஷன், ஒற்றை விளக்கு. பனியைக் கண்ணால் பார்த்ததில்லை இரண்டு பேரும்.

“ஏங்க, இங்க எப்பங்க கூட்டிட்டுப் போறீங்க?”

“அடுத்த வருஷம்.”

அடுத்த வருஷம் வருவதற்குள் பெரியம்மா போய்விட்டார்.

இப்போது ஹாரன் பார்த்தது அந்தப் பின்னறையை. துணி வெட்டுகிற மேஜை மேல் ஒரு பொம்மை ரயில் ஓடிக்கொண்டிருந்தது. கடையில் வாங்கினது என்றால் எஞ்சினும் ஒரே ஒரு பெட்டியும் தண்டவாளமும்தான். பெட்டி உள்ளங்கைக்குள் அடங்கும். மற்றதெல்லாம் பெரியப்பா கையால் செய்தது. தண்டவாளம் மேஜையைச் சுற்றி ஒரு வட்டம். வட்டத்தை நாலாகப் பிரித்து நாலு பருவம்.

வசந்தத்துக்குப் பூமரங்கள். பல் செட்டில் ஈறு செய்வதற்கு ஒரு ரோஸ் நிறத் தூள் இருக்கிறது, அதைக் கிளைகளில் பசை தடவி ஒட்டியிருந்தார். ஊரார் வாயில் ஈறாகப் போக வேண்டியது இங்கே பூத்துக் கிடந்தது. கோடைக்குக் காய்ந்த புல். பெரியம்மா கூடையில் மிச்சமிருந்த மஞ்சள் நூலைப் பொடியாக நறுக்கித் தூவியது. இலையுதிர் காலத்துக்கு டீச்சக்கையைக் காயவைத்து மரத்தடியில் குவித்திருந்தார். கடைசியாகப் பனி. அச்சு வார்க்கிற வெள்ளை மாவை டீ வடிகட்டியில் போட்டுத் தட்டித் தட்டிச் சலித்தது. மலை, ஸ்டேஷன் கூரை, பழைய ஒயரைப் பிரித்து முறுக்கின மொட்டை மரங்கள், எல்லாம் வெள்ளை. ஸ்டேஷன் அச்சு அசல் அந்தக் காலண்டர் படம். ஒற்றை விளக்குகூட எரிந்தது.

பனி ஸ்டேஷனைத் தாண்டினால் ஒரு குகை. குகையை விட்டு வெளியே வந்தால் மறுபடி வசந்தம் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு குட்டி வீடு. அவர் வீடேதான். கதவு திறந்திருக்கிற மாதிரி செய்திருந்தார். வண்டி பனி ஸ்டேஷனில் கொஞ்ச நேரம் நிற்கும். குகைக்குள் போய் வந்து வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு மறுபடி சுற்றும்.

வாத்தியார், சிரிக்காதீர்கள். வயசான மனுஷன் பொம்மை ரயில் விடுகிறார் என்றால் சிரிப்பு வரும்தான். சாயங்காலம் கதவைச் சாத்தினால் மறுநாள் காலை வரைக்கும் பேச ஆள் இல்லாத வீட்டில் இருந்து பாருங்கள். நான் இருக்கிறேன். எனக்குத் தெரியும்.

சரி… மேஜையைச் சுற்றி நாற்காலிகள். சாப்பிடுகிற மேஜை நாற்காலி, பிளாஸ்டிக் நாற்காலி, மடக்கு நாற்காலி, முன்னறையில் ஆட்கள் காத்திருக்கப் போட்டிருந்ததுகூட இங்கே வந்திருந்தது. எல்லாம் மேஜையைப் பார்த்தபடி. தையல் மிஷினுக்கு முன்னால் பெரியம்மாவின் ஸ்டூல். அதன் மேல் மட்டும் ஒரு நூல் கூடை.

ஜன்னலில் பார்த்த ஆட்கள் எங்கே? ஹாரன் ஒரு மடக்கு நாற்காலியை இழுத்து உட்காரப் போனான்.

“அதுல வேண்டாம்ப்பா,” என்றார் பெரியப்பா. “ஆள் இருக்கு.”

அதற்குள் பாதி உட்கார்ந்துவிட்டான். சில்லென்று… நனைந்த துணி மேல் உட்கார்ந்த மாதிரி. துள்ளி எழுந்தான். பெரியப்பா அந்த நாற்காலியைப் பார்த்து, “பையன் தெரியாம பண்ணிட்டான்,” என்றார். வீட்டுக்கு வந்தவர்களிடம் சொல்கிற மரியாதையோடு சொன்னார்.

பிறகு அவரே எல்லாம் சொன்னார். நடுநடுவே இருமினார். மூச்சு விசில் அடித்தது.

வெறும் பெட்டி என்றால் தண்டவாள இணைப்புகளில் டிக்… டிக்… என்று ஓடும். ஓர் இரவு, வண்டி பனி ஸ்டேஷனில் நின்று கிளம்பியதும் சத்தம் மாறியது. டொக்… டொக்… மோட்டார் முக்கி முனகியது. வண்டியை நிறுத்திப் பெட்டியைக் கையில் எடுத்தார். கனம். மாவையும் தூளையும் நிறுத்துப் போடுகிற சின்னத் தராசு வைத்திருந்தார், அதில் வைத்தார். ஒரு சாவிக்கொத்து அளவுக்கு எடை கூடியிருந்தது. டார்ச் அடித்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை. திரும்பத் தண்டவாளத்தில் வைத்தார். குகைக்குள் போனது, வெளியே வந்தது, வீட்டு வாசலில் நின்றது. அவருக்குப் பின்னால்… ஒரு நாற்காலி ‘கிர்ர்’ என்றது. ஆள் உட்கார்ந்தால் வருமே, அந்தச் சத்தம்.

பெட்டியை எடுத்து நிறுத்துப் பார்த்தார். பழைய எடை.

“பயமா இல்லையா பெரியப்பா?”

“பயமா… எனக்கு என்ன தோணிச்சு தெரியுமாடா? வீட்டுல யாரோ இருக்காங்கன்னு தோணிச்சு.”

ஹாரன் இதை என்னிடம் சொன்னபோது அழுதான். அத்தனை ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து ஒரே வரியில் சொல்லிவிட்டார் பாருங்கள்.

“யாரு அவங்கல்லாம்?” என்று கேட்டான்.

“யாரோ… யாரையோ பாக்கக் கிளம்பினவங்க. காலி இடம் தெரிஞ்சா இறங்கிக்குறாங்க. சும்மா உக்காந்திருப்பாங்க. விடிஞ்சா இருக்கிறதில்ல.”

அவர் சோதித்தும் பார்த்திருக்கிறார். ஒரு நாள் துவைத்த துணிகளை எல்லா நாற்காலிகள் மேலும் போட்டு வைத்தார். அன்று யாரும் இறங்கவில்லை. பெட்டி இரவெல்லாம் கனமாகவே சுற்றியது. நாற்காலி காலியாக இருக்க வேண்டும், அந்த அறையில் முழித்திருக்கிற மனுஷன் ஒருத்தன் இருக்க வேண்டும். அவ்வளவுதான். அதன் பிறகுதான் வீட்டிலிருந்த நாற்காலிகளை எல்லாம் இழுத்து வந்து போட்டார்.

பெட்டியை மூக்கருகே வைத்தால் ஆளுக்கு ஒரு வாசம் வருமாம். சிகரெட், மருந்து, புதுச் செருப்பு… “ஒரு நாள் பென்சில் சீவின வாசம் வந்துச்சுடா. அன்னிக்கு மட்டும் நாற்காலி சத்தமே போடல.”

“நானும் ஒரு வாசத்துக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கேன். இன்னும் வரல. வர்றதெல்லாம் வேற யாரோ. ஆனா நிறுத்த முடியுமா சொல்லு… அடுத்த சுத்துல இருந்தா?”

என்ன வாசம் என்று அவர் சொல்லவில்லை. இவனும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஹாரன் அவர் கையைத் தொட்டுப் பார்த்தான். அடுப்பு மாதிரி கொதித்தது. நெஞ்சுக்குள் கரகரவென்று ஏதோ உருண்டது. ரயிலாவது நாற்காலியாவது, முதலில் ஆளைக் காப்பாற்ற வேண்டும்.

“எழுந்திரிங்க பெரியப்பா. ஆஸ்பத்திரிக்குப் போலாம். வேன் வாசல்ல நிக்குது.”

“இந்த ஒரு சுத்து முடியட்டும்.”

“செத்துப் போயிடுவீங்க!”

“ஒரே ஒரு சுத்துடா.”

வண்டி பனி ஸ்டேஷனில் நின்றது. பெரியப்பா பெட்டியை எடுத்தார். மூக்கருகே கொண்டு போனார். அப்படியே… நின்றுவிட்டார். பெட்டியை முட்டையை வைக்கிற மாதிரி திரும்பத் தண்டவாளத்தில் வைத்தார். பிறகு தள்ளாடிப் போய் ஸ்டூல் மேல் இருந்த நூல் கூடையை எடுத்துத் தரையில் வைத்தார். ஸ்டூலைத் தன் துண்டால் துடைத்தார்.

வண்டி கிளம்பியது. டொக்… டொக்… மோட்டார் முக்கியது. ஹாரனுக்கு எண்ணெய் வாசம் அடித்தது.

அவன் யார்? டிரைவர். முக்குகிற மோட்டாரிலிருந்து எண்ணெய் வாசம் வந்தால் டிரைவர் என்ன நினைப்பான்? மோட்டார் எரியப்போகிறது என்றுதான். மேஜை முழுக்க நூலும் காய்ந்த சக்கையும். ஒரு பொறி போதும். யோசிக்கவே இல்லை. குனிந்து சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினான்.

வண்டி அப்போதுதான் குகைக்குள் நுழைந்திருந்தது. நின்றுபோயிற்று.

“ஐயோ… போடுடா!” என்றார் பெரியப்பா. “போடுடா… அவ…” அதற்குள் இருமல் வந்து அப்படியே சரிந்தார். ஹாரன் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினான். பின்னால் நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டன. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

கிடங்குத் தெருவில் வேன் பறந்தது. ஹாரன் சத்தம் மட்டும்தான் கூட வந்தது. பாதி வழியில் பெரியப்பா கண்ணைத் திறந்தார்.

“வண்டி எங்கடா நின்னுச்சு?”

பொய் சொல்லத் தெரியாத பயல் என்றேன் இல்லையா? வாழ்க்கையில் ஒரே ஒரு பொய் சொன்னான். “வீட்டு வாசல்லதான் பெரியப்பா.”

“கதவு திறந்துதானே இருந்துச்சு?”

“திறந்துதான் இருந்துச்சு.”

“அப்ப இறங்கிட்டா,” என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஆஸ்பத்திரி வாசல் விளக்கு தெரிவதற்கு முன்னால் போய்விட்டார்.

எல்லாம் முடிந்து, இரண்டு நாள் கழித்து ஹாரன் அந்த வீட்டைத் திறந்தான். பகல் வேளைதான். நாற்காலிகள் எல்லாம் வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தன. ஸ்டூல் மட்டும் போட்ட இடத்தில் இருந்தது. குகைக்குள் கையை விட்டுப் பெட்டியை எடுத்தான். கனம். மூக்கருகே வைத்தான். பிறகு தையல் மிஷினிடம் போனான். மிஷினுக்கு விடுகிற எண்ணெய்க் குப்பி அங்கேயே இருந்தது, மூக்கு நீண்ட சின்னக் குப்பி. திறந்து மோந்து பார்த்தான்.

அதே வாசம்.

தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதிருக்கிறான். முப்பது வருடம் ‘அடுத்த வருஷம்’ என்ற பதிலையே கேட்டுக்கொண்டிருந்த பெண் ஒரு தடவை கிளம்பி வந்தால், வாசலுக்கு ஒரு முழம் முன்னால் வண்டியை நிறுத்திவிட்டான் இவன். இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, பிளக்கைச் சொருகினால் போதும். சொருகிவிட்டான். விரல் சுவிட்சு மேல் இருந்தது… போடவில்லை. பெரியப்பா இல்லாத வீட்டில் பெரியம்மாவை இறக்கிவிட அவனுக்கு மனசு வரவில்லை. இறங்கி, அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, முன்னறையைப் பார்த்துக் கேட்டால் என்ன சொல்வது?

வீட்டுச் சொந்தக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். மலையும் பனியும் பூமரமும் சாக்குப்பையில் போயின. தண்டவாளம் எங்கே போயிற்று என்று தெரியாது. பெட்டியை மட்டும் ஹாரன் ஒரு பல் செட் டப்பாவில் போட்டுத் தன் வீட்டுக்குக் கொண்டு போனான். அவன் வீட்டில் பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள், மாமியார், மச்சினன். மனுஷனுக்கே உட்கார இடமில்லை, இதில் காலி நாற்காலிக்கு எங்கே போவது? ஆனாலும் அவனால் தூங்க முடியவில்லை. ஒரு நாள் என்னிடம் வந்தான். “உன் வீட்டுல யாரும் இல்லல்ல… நீ வெச்சுக்கடா,” என்றான். அவன் யோசிக்காமல் சொன்னதுதான். ஆனாலும் சுருக்கென்று தைத்தது.

என் வீட்டில் இருப்பது ஒரே நாற்காலி. அதில் நான் இருப்பேன், நான் இல்லாவிட்டால் என் அழுக்குத் துணி இருக்கும். அதனால் இத்தனை மாதமாகப் பெட்டி என் அலமாரியில் கனமாகவே இருக்கிறது. அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். வேலை விட்டுப் போனதும் “வந்துட்டேன்” என்று அந்த டப்பாவிடம் சொல்கிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பதில் வராவிட்டால் என்ன, சொல்வதற்கு ஒரு இடம் இருக்கிறதே.

ஆமாம் அக்கா. இந்த டப்பாதான்.

திறக்கிறேன்… விளக்கு மங்குகிறது பாருங்கள், சார்ஜ் போய்விட்டது. பரவாயில்லை, இருக்கிற வெளிச்சம் போதும். இதோ. பச்சைப் பெயின்ட், ஆறு ஜன்னல். ஜாக்கிரதை அக்கா, இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள். எப்படி? கனமாக இருக்கிறதா? இருக்கும். பிளாஸ்டிக் சாமான் இவ்வளவு கனக்காது, ஆஸ்பத்திரியில் எத்தனை தூக்கியிருக்கிறீர்கள், உங்களுக்கே தெரியும். வாத்தியாரிடம் கொடுங்கள். என்ன வாத்தியாரே, சிரிப்பை எங்கே காணோம்? ஜன்னல் வழியாகப் பார்க்கலாம், ஒன்றும் தெரியாது. காலி இருக்கைதான்.

விளக்கு அணைந்துவிட்டது. யாரும் எழுந்திருக்காதீர்கள், கீழே போட்டு உடைத்துவிடப் போகிறீர்கள். இருட்டிலேயே கைமாற்றிக் கொடுங்கள் வாத்தியார். குட்டை, கையை நீட்டு. வாங்கிக்கொண்டாயா?

என்ன?

விளையாடாதே குட்டை. அது எப்படி லேசாக இருக்கும்? அக்கா இப்போதுதானே… வாத்தியார், உங்கள் கையில் கனமாகத்தானே இருந்தது? கொடுக்கும்போதுகூட கனமாகத்தானே இருந்தது?

இங்கே கொடு.

…

இல்லை. ஒன்றும் இல்லை. தக்கை மாதிரி இருக்கிறது.

யாரது? கணக்கு, வந்துவிட்டாயா? அந்த நாற்காலி இப்போது ‘கிர்ர்’ என்றதே… கதவுச் சத்தம் கேட்கவில்லையே. கணக்கு? டேய்…

குட்டை, நீ அந்தப் பையை… நான்தான் எடுக்கச் சொன்னேன். கணக்குக்காகச் சொன்னேன். எனக்கு ஞாபகமே இல்லை. சத்தியமாக ஞாபகமே இல்லை.

அக்கா, உங்கள் வீட்டில் தையல் மிஷின் இருக்கிறதா? இல்லையா… அப்படியானால் இந்த எண்ணெய் வாசம்…

அசையாதீர்கள். யாரும் பேசாதீர்கள். கேளுங்கள்.

டிங்.

தரையில்தான் விழுந்தது. அந்த நாற்காலிப் பக்கம்.

டிங்…

பெரியப்பா எங்கே என்றுதான் கேட்பார். அவர் காத்திருந்தார் என்று சொல்வதா? ஸ்டூலைத் துடைத்து வைத்திருந்தார் என்று சொல்வதா? வாத்தியார், உங்களுக்குத்தான் பேசத் தெரியும், நீங்கள் சொல்லுங்கள். அக்கா, நீங்களாவது… செத்துப்போன செய்தி சொல்லிச் சொல்லிப் பழக்கம் இருக்குமே…

டிங்.

…

ஊசி தீர்ந்துவிட்டது.